ஒரு மெய்யெழுத்துத் திருத்தம்

மாலை ஐந்து மணி பத்து நிமிடம். பைக்கை நிறுத்திவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கண்ணில் பட்டது மேடை அல்ல, வாழையிலை. மாதா கோயிலுக்குப் பின்புறம் போட்டிருந்த சாப்பாட்டுப் பந்தலில் ஒருவர் கத்தியோடு உட்கார்ந்து இலைகளை இரண்டு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். நுனியிலைகள் வலப்பக்கம். நுனி போனபின் மிஞ்சியதைத் துண்டு போட்ட ஏடுகள் இடப்பக்கம்.

"ரெண்டா எதுக்குப் பிரிக்கிறீங்க?"

"இது மொதப் பந்திக்கு. அது ரெண்டாம் பந்திக்கு."

"மொதப் பந்தியில யாரு?"

"கோயில் கட்டுன வகையறா. மேலத்தெரு." கத்தியை நிறுத்தாமலே என் சட்டைப் பையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "பிரஸ்ஸா? நீங்களும் மொதப் பந்திதான். கவலப்படாதீங்க."

ஊர் ஆண்டிமடத்திலிருந்து முந்திரிக் காடுகளுக்குள் போகும் சாலையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அன்று கோயில் திருவிழாவின் கடைசி நாள். ஐந்தரைக்குப் பட்டிமன்றம், எட்டு மணிக்கு ஊருக்கெல்லாம் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டை அழைப்பிதழில் 'அன்பின் விருந்து' என்று போட்டிருந்தார்கள்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் வேலை பார்த்த நாளிதழில் பிழை திருத்தும் மென்பொருள் வந்திருக்கிறது. மெய்ப்புப் பார்ப்பவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பிறகு பெரம்பலூருக்கு வந்த நிருபர் போன வாரம் போன் செய்து, "சார், அந்தக் காலத்து அச்சுப் பிழை பத்தி நம்ம சங்க மலருக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. சிரிப்பா இருக்கட்டும்" என்றார். எனக்குத் தெரிந்த பிழைகளில் மறக்காமல் இருப்பது ஒன்றுதான். அது சிரிப்பாக இல்லை.

நான் குரும்பலூர்க்காரன். தாலுகா நிருபராகச் சேர்ந்தேன். செய்தியை வெள்ளைத் தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதி, உறையில் போட்டு, திருச்சி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். பிறகு ஃபேக்ஸ், பிறகு கம்ப்யூட்டர். திருச்சி பதிப்பில் நிருபர்களுக்குப் பெயர் கிடையாது, ஊர்தான் பெயர். நான் 'பெரம்பலூர்'. பின்னாளில் அரியலூரையும் என் தலையில் கட்டிய பிறகும் பெரம்பலூர்தான்.

செய்தி ஆசிரியர் சந்தானம் சார். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. சிவப்புப் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்தபடி படிப்பார். ஒவ்வொரு செய்திக்கும் மூன்று கேள்வி: யார் சொன்னா? யார் கேட்டா? யாருக்கு நஷ்டம்? மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் மூடியை வாயிலிருந்து எடுத்துப் பேனாவில் மாட்டுவார். சேர்ந்த புதிதில், அமைச்சர் பேசிய கொச்சையை நான் நல்ல தமிழாக்கி மேற்கோள் குறிக்குள் போட்டுவிட்டேன். திருச்சிக்கு வரவழைத்து, நிற்க வைத்தே சொன்னார்: "அந்தக் குறிக்குள்ள இருக்கறது நம்ம சொத்து இல்லய்யா. கை வெச்சா திருட்டு." இருபது ஆண்டுக்கு மேல் அதைக் கடைப்பிடித்தேன். அவர் மீது எனக்கு இருந்த மரியாதையைச் சொல்லத்தான் இதைச் சொல்கிறேன்.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். கையில் இருக்கும் போனில் எல்லோரும் படம் பிடிக்கத் தொடங்கியதற்குச் சற்று முந்திய காலம். தலைப்பு: ஆதித் திருச்சபை வளர்ந்தது அரசாலா, அன்பாலா? நடுவர், பெரம்பலூரில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். "அரசா அன்பான்னு கேக்கறாங்க. எங்க வூட்ல ரெண்டும் சம்சாரத்துக்கிட்டதான் இருக்கு" என்று தொடங்கினார். முன்வரிசை சிரித்தது. முன்வரிசை என்பது மேலத்தெரு. கீழத்தெருக்காரர்கள் ஓரத்தில் நின்றும், மணலில் உட்கார்ந்தும் கேட்டார்கள்.

அரசு அணிக்குத் தலைவர் பேராசிரியர் கலியபெருமாள். உடையார்பாளையம் பக்கத்து விவசாயக் குடும்பம். அரியலூரில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். கிறிஸ்தவர் அல்ல. அன்று மேடையில் தயாரித்துக்கொண்டு வந்திருந்த இருவரில் ஒருவர்.

"ரோமாபுரிக்காரன் படை போறதுக்கு ரோடு போட்டான். அந்த ரோட்டுல போதிக்கிறவன் நடந்து போனான். கிழக்குப் பக்கம் பூரா கிரேக்கம் பேசுனா புரியும். ஊருக்கு ஊர் யூதர் தொழுகைக் கூடம் இருந்துச்சு, போனவுடனே பேச ஒரு எடம் கெடச்சுது. கடைசியில கான்ஸ்டன்டைன் கைய நீட்டுனான். இதெல்லாம் இல்லாம அன்பு மட்டும் எவ்வளவு தூரம்ங்க நடக்கும்?"

கூட்டத்திலிருந்து ஒருவர், "தோமையார் நம்ம நாட்டுக்கே வந்தாருங்களே ஐயா" என்றார்.

"பருவக் காத்துல மேற்குக் கரைக்குக் கப்பல் வந்துச்சு. அது வரலாறு. அந்தக் கப்பல்ல தோமையார் இருந்தாரான்னு சொல்ல, டிக்கெட் எங்கிட்ட இல்லீங்க."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் இன்னொன்றும் சொன்னார். அந்தக் காலத்தில் எழுதியவர்களின் கையெழுத்து ஒன்றுகூட நம்மிடம் இல்லை. பிரதியைப் பார்த்து எடுத்த பிரதிகள்தான் இருக்கின்றன. "பிரதி எடுக்கறவனுக்கு ஒரு வார்த்த புரியலன்னா, முன்னாடி எழுதுனவன் தப்பு பண்ணிட்டான்னு நெனச்சுக்குவான். நல்ல எண்ணத்துலதான் திருத்துவான். அதனால எந்த வார்த்தைய வெச்சு அன்புன்னு சொல்றீங்க?"

அன்பு அணியில் மூன்றாவதாகப் பேசியவர் ஜெசிந்தா டீச்சர். தயாரித்துக்கொண்டு வந்திருந்த மற்றொருவர் அவர். கீழத்தெருவில் பிறந்தவர். அதே கோயில் நிர்வாகத்தின் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினார். அரசு சம்பளம் இல்லாத, நிர்வாகம் கொடுப்பதை வாங்கிக்கொள்ளும் தற்காலிக வேலை. அந்த மாதம்தான் பள்ளியில் ஒரு நிரந்தர இடம் காலியாகியிருந்தது. அதை நிரப்ப வேண்டிய தாளாளர், கோயில் பாதிரியாரான பங்குத்தந்தை. பட்டிமன்றத்தில் டீச்சர் பெயரைச் சேர்த்ததும் அவர்தான். அன்பு என்றால் இனிப்பாக நாலு வார்த்தை பேசிவிட்டு இறங்கிவிடுவார் என்று எண்ணியிருக்க வேண்டும்.

"பேராசிரியர் ஐயா ரோடப் பத்திச் சொன்னாங்க. ரோடு ஊருவரைக்கும் கொண்டாந்து விடும். வூட்டுக்குள்ள கூப்புட்டது யாரு? கான்ஸ்டன்டைன் வர்றதுக்குள்ள மூணு நூற்றாண்டு போயிடுச்சு. அதுவரைக்கும் பெருசா கோயில் கெடையாது. வூட்லதான் கூடுனாங்க. அடிமையும் எசமானியும் ஒண்ணா உக்காந்து சாப்புட்டாங்க. ரோமாபுரி பாக்காத காட்சிங்க அது."

பேதுருவை அந்தப் பக்கத்தில் இராயப்பர் என்பார்கள், பவுலைச் சின்னப்பர் என்பார்கள். டீச்சரும் அப்படியே சொன்னார்.

"ஆதித் திருச்சபையில வந்த பெரிய சண்ட, சாமி யாருங்கறதுல இல்ல. யாரோட உக்காந்து சாப்புடறதுங்கறதுல. அந்தியோக்கியாவுல இராயப்பர் வேத்து இனத்து ஆளுங்களோட பந்தியில இருந்தார். எருசலேம்லேர்ந்து சொந்த இனத்துக்காரங்க வந்தவுடனே எந்திரிச்சுப் போயிட்டார். சின்னப்பர் அத்தன பேரு முன்னாடியும் அவர நிறுத்திக் கேட்டார். கேட்டதனாலதான் திருச்சபை பொழச்சுது. இது பரவுனது அரசாலயும் இல்ல, வெறும் அன்பாலயும் இல்ல. ஒரே பந்தியால. அந்தப் பந்தி ரெண்டா இருந்திருந்தா, அரசன் வந்து பாக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இருந்திருக்காது."

இந்த ஊரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மேடைக்குப் பின்னால் இலைகள் இரண்டு குவியலாக இருந்தன. மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் கை தட்டினார்கள். முன்வரிசையில் ஒருவர் துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அன்பு விதைத்தது, அரசு நீர் ஊற்றியது என்று தீர்ப்புச் சொன்னார். வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு வந்த தீர்ப்பு.

மேடையிலிருந்து இறங்கிய டீச்சரிடம் பெயரும் பொறுப்பும் சரிபார்த்தேன். எல்லோரும் பார்க்க, இரண்டு நிமிடம். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எட்டு மணிக்கு முதல் பந்தி உட்கார்ந்தது. நான் உட்காரவில்லை. இரண்டாம் பந்திக்கு மணி அடித்தார்கள். ஆள் வரவில்லை. கீழத்தெரு முழுவதும் சாப்பிடாமல் வீட்டுக்குப் போயிருந்தது. இலை நறுக்கியவர் ஏட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "மாட்டுக்குத்தாங்க போடணும்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியாது.

அரியலூருக்கு வந்து செய்தியை அடித்து அனுப்பினேன். முதல் பத்தியில் 'ஒரே பந்தியால' என்று டீச்சர் பேசி முடித்த வாக்கியங்கள், மேற்கோள் குறிக்குள். இரண்டாம் பத்தியில் இரண்டாம் பந்தி. மூன்றாம் பத்தியில் நடுவர்.

மறுநாள் மாவட்டப் பக்கத்தின் மூலையில் செய்தி வந்திருந்தது. இரண்டாம் பத்தி இல்லை. தலைப்பு: "'ஒரே பக்தியால் வளர்ந்தது திருச்சபை': பட்டிமன்றத்தில் ஆசிரியை பேச்சு." மேற்கோளிலும் பக்தி. ந் போய் க் வந்திருந்தது. பந்தி ரெண்டாக இருந்திருந்தால் என்ற வாக்கியத்தை வெட்டியிருந்தார்கள். பக்தி என்று ஆன பிறகு அதற்குப் பொருள் இல்லை அல்லவா?

உதவி ஆசிரியரைக் கூப்பிட்டேன். நல்ல பையன்தான், கோயம்புத்தூர்ப் பக்கம்.

"டைப்பிங் மிஸ்டேக்னு நெனச்சேன் சார். சர்ச் நியூஸ்ல பந்தி எதுக்கு வருது? உங்களுக்குத்தான் நல்லது பண்ணேன்."

"ரெண்டாவது பாரா?"

"எடமில்ல சார். சாப்பாட்டு மேட்டர்தானேன்னு எடுத்துட்டேன்."

அவரோடு பேசி முடிப்பதற்குள் டீச்சரின் அழைப்பு காத்திருந்தது. அழவில்லை, கத்தவில்லை. "சார், நான் பக்தின்னு சொல்லல" என்றார். "தெரியும்மா. நான் பந்தின்னுதான் எழுதுனேன்" என்றேன். "அப்ப அதப் போடுங்க சார்."

அன்று மதியமே ஊருக்குப் போனேன். பங்குத்தந்தையின் அறையில் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். மேசை மேல் எங்கள் நாளிதழ். காலையில் மேலத்தெருவிலிருந்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். திருவிழாவைக் கெடுத்தவளை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஃபாதர் செய்தித்தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நேற்று முன்வரிசையில் உட்கார்ந்து காதால் கேட்டவர்கள்தான் அவர்கள்.

"உக்காருங்க சார்" என்றார் ஃபாதர். கெட்டவர் அல்ல. களைத்திருந்தார். "நீங்களே சொல்லுங்க. பேப்பர் இவங்களக் காப்பாத்தியிருக்கு. ஞாயித்துக்கெழம ரெண்டு தெரு உறுப்பினருங்களும் உக்கார்ற பங்குப் பேரவ கூடுது. பக்தின்னுதான் சொன்னேன்னு ஒரு வார்த்த சொன்னா போதும். அடுத்த வாரம் ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடுவேன். இவங்க என்னடான்னா திருத்தம் போடச் சொல்லி நிக்கிறாங்க."

"சொன்னது ஒண்ணு, போட்டது ஒண்ணு ஃபாதர்" என்றார் டீச்சர்.

"ஒரு எழுத்துதானேம்மா."

"எங்க தெருவுல என்ன பேசறாங்க தெரியுமா? பேப்பர்காரர நிறுத்தி வெச்சு ரெண்டு நிமிசம் பேசுனாளே, வேலைக்காக அப்பயே மாத்தச் சொல்லிட்டான்னு பேசறாங்க." என்னைப் பார்த்தார். "எம் பேச்சக் கேட்டுத்தான் புள்ளகுட்டியோட பட்டினியா படுத்தாங்க. காலையில பேப்பர்ல பக்தின்னு இருக்கு. அவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

ஃபாதர் மேசை மேலிருந்த கண்ணாடிக் குண்டை நகர்த்தி வைத்தார். "வேல போயிடும்மா."

"போனா போவட்டும் ஃபாதர். திருத்தம் வரட்டும்."

திருத்தம் போடுவதற்கு எங்கள் நாளிதழில் ஒரு முறை உண்டு. பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்க வேண்டும். நிருபர் தன் மூலச் செய்தியை இணைக்க வேண்டும். பக்கப் பொறுப்பாளர் விளக்கம் எழுத வேண்டும். மூன்றையும் செய்தி ஆசிரியர் பார்த்துக் கையெழுத்திட்டால் ஐந்தாம் பக்கத்தில் வானிலைக்குக் கீழே நான்கு வரி வரும். போனில் சொன்னால் தள்ளிப்போகும் என்று டீச்சரின் கடிதத்தையும் என் மூலச் செய்தியையும் எடுத்துக்கொண்டு நானே திருச்சிக்குப் போய், விளக்கத்தை அந்த உதவி ஆசிரியரிடம் அங்கேயே எழுதி வாங்கினேன்.

சந்தானம் சார் மூடியைக் கடித்துக்கொண்டு படித்தார். இரண்டு முறை படித்தார்.

"யார் சொன்னா?"

"ஜெசிந்தா டீச்சர்."

"யார் கேட்டா?"

"நான் கேட்டேன். ஊரே கேட்டுது சார்."

"யாருக்கு நஷ்டம்?"

"டீச்சருக்கு."

"இல்லய்யா பெரம்பலூர். இது அவங்களுக்கு லாபம். பிழை இருக்கறதால வேல இருக்கு. திருத்துனா போயிடும். கெடுதல் பண்ணாத பிழையத் திருத்தி, அந்தத் திருத்தத்தால கெடுதல் பண்ணச் சொல்றீங்களா?"

"கேக்கறது அவங்க சார். அந்தக் குறிக்குள்ள இருக்கறது நம்ம சொத்து இல்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

அவர் கோபப்படவில்லை. அந்தப் பொண்ணு ஆத்திரத்தில் கேட்கிறது, ஆறு மாதம் கழித்து நமக்கு நன்றி சொல்லும் என்றார். சாதிப் பிரச்சினையாக வெடித்தால் யார் பொறுப்பு என்றார். அடுத்த மாதம் வரவிருந்த கிறிஸ்துமஸ் மலரைப் பற்றியோ, அதற்கு வரும் வாழ்த்து விளம்பரங்களைப் பற்றியோ அவர் பேசவில்லை. பேசத் தேவை இருக்கவில்லை. விளம்பர மேலாளர் அடுத்த நாற்காலியில்தான் காபி குடித்துக்கொண்டிருந்தார். மூன்று தாள்களையும் மடித்து என்னிடமே நீட்டிவிட்டு, மூடியை வாயிலிருந்து எடுத்துப் பேனாவில் மாட்டினார்.

வேறு சாட்சி வேண்டும் என்று பேராசிரியர் கலியபெருமாள் வீட்டுக்குப் போனேன். பேரவைக்கு வந்து ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேட்டேன். கொல்லைப்பக்கம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நான் எதிரணிங்க. எதிரணிக்காரன் சொன்னா எடுபடுமா? அதுவும் அவங்க மதத்துக்காரன் இல்ல." பிறகு சொன்னார்: "எங்க தொழில்ல எழுத்துல இருக்கறதுதாங்க சாட்சி. இன்னும் எரநூறு வருஷம் கழிச்சு ஒருத்தன் உங்க பேப்பர எடுத்துப் பாத்தான்னா, பக்தின்னுதான் எழுதுவான். அடிக்குறிப்பும் போடுவான்."

"நீங்க நேர்ல கேட்டவராச்சே சார்?"

"அதான் சொல்றேன். நான் கேட்டது எழுத்துல இல்லீங்களே" என்றார். வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பேரவையில் வெளியாருக்கு இடமில்லை. நடந்ததை டீச்சரும் ஃபாதரும் தனித்தனியாகச் சொன்னார்கள், இரண்டும் ஒத்துப்போயின. டீச்சர் எழுந்து, பந்தி என்றுதான் சொன்னேன், பத்திரிகையில் இருப்பது தவறு என்றார். மேலத்தெரு உறுப்பினர் ஒருவர், "பேப்பர்காரன் எதுக்கும்மா பொய் எழுதப் போறான்? நாங்களும்தான் இருந்தோம். பக்தின்னுதான் எங்க காதுல உழுந்துச்சு" என்றார். மற்றவர்கள் ஆமாம் என்றார்கள். கீழத்தெருவுக்குப் பேரவையில் ஒரே உறுப்பினர். அவர் டீச்சரைப் பார்க்காமல், "பேப்பர்ல இருக்கறதுதாங்க" என்றார். ஆசிரியை பக்தியை வலியுறுத்திப் பேசியதைப் பேரவை பாராட்டுகிறது என்று தீர்மானம் போட்டுக் கலைந்தார்கள்.

அடுத்த வாரம் ஃபாதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நிரந்தர வேலை வந்தது. வாங்காமல் இருக்கலாமே என்று யாரும் எளிதாகச் சொல்லலாம். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். வாங்கினார். கீழத்தெருவுக்கு அதற்குமேல் வேறு சான்று தேவைப்படவில்லை. அவருக்குப் 'பக்தி டீச்சர்' என்று பெயர் வந்தது. முதலில் குழாயடியில் பெண்கள் சொன்னார்கள். பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். டீச்சர் காலையில் பூசைக்குப் போகிறவர் என்பதால் அந்தப் பெயர் என்று இப்போது படிக்கிற பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் அதற்குப் பிறகும் அதே நாளிதழில்தான் வேலை பார்த்தேன். சந்தானம் சார் ஓய்வு பெற்றபோது நடந்த பாராட்டு விழாவில் அந்த மூன்று கேள்விகளைச் சொல்லிப் பலர் பேசினார்கள். எனக்கும் ஒலிபெருக்கி வந்தது. தொண்டை சரியில்லை என்று அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன்.

இந்த ஆண்டுத் திருவிழாவுக்கு அழைப்பு வந்திருந்தது. செய்தி எழுத வேண்டிய வேலை இல்லாததால் மெதுவாகப் போனேன். பள்ளி அலுவலகத்தில், தாளாளர் நாற்காலிக்குப் பின்சுவரில், அந்தப் பழைய செய்தி கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. பட்டிமன்றம் இல்லை, இன்னிசை நிகழ்ச்சி. எட்டு மணிக்கு அன்பின் விருந்து. இலை நறுக்குபவர் இல்லை. இப்போது எல்லோருக்கும் ஒரே அளவு பேப்பர் இலை. பந்தி மட்டும் இரண்டு. கீழத்தெரு பழையபடி இரண்டாம் பந்திக்கு வருகிறது. பள்ளியின் நிரந்தர ஆசிரியர்களுக்கு முதல் பந்தியில் ஒரு வரிசை ஒதுக்கியிருந்தார்கள்.

ஜெசிந்தா டீச்சர் இரண்டு பந்திக்கும் தண்ணீர் வைத்தார். எதிலும் உட்காரவில்லை.